ஒட்டும், ஒட்டாது: காந்தமும் கிந்தா மணலும்



காந்தம் தமிழுக்குப் புதிய பொருள் அன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பாவில், காந்தமும் இரும்பும் உவமையாக வருகின்றன. இரும்புக்கு அங்கே வழங்கும் சொல் ‘பசாசம்’. தொடாமலே தொழிற்படுத்தும் ஆற்றலுக்குக் காந்தத்தை உவமை காட்டிய மொழி நம்முடையது. ஆயினும், காந்தத்தின்முன் பிற பொருள்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்ல, அன்றாட வழக்கில் நமக்கு இரண்டே சொற்கள்தாம் உள்ளன: ஒட்டும், ஒட்டாது. இவ்விரண்டும் போதா என்பதே இன்றைய என் கருத்து.

நாம் அறிந்த பொருள்களிலிருந்தே தொடங்குவோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உளி காந்தத்தில் ஒட்டும். பால் வடிந்த பீங்கான் மங்கு ஒட்டாது. கெட்டிப்பால் தகரம் ஒட்டுகிறது. அங்கே ஒட்டுவது உள்ளிருக்கும் எஃகு. மேலே உள்ள வெள்ளீயம் வெறும் மென்பூச்சு. எவர்சில்வர் குவளையிலோ பெரும்பங்கு இரும்பே. எனினும் பல குவளைகள் ஒட்டுவதில்லை. நிக்கல் போன்ற உலோகங்கள் கலப்பதால் இரும்பணுக்களின் அடுக்கு மாறிவிடுகிறது. ஆகவே, ‘இரும்பு இருந்தால் ஒட்டும்’ என்பதும் முழு உண்மையன்று.

1845இல் மைக்கேல் ஃபாரடே வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே ஒரு கண்ணாடித் துண்டைத் தொங்கவிட்டார். அது முனைகளை நோக்கித் திரும்பாமல் குறுக்கே நின்றது. காந்தம் அதனை மெல்ல விலக்கியது. பல பொருள்களைச் சோதித்தபின், காந்தத்துக்கு அசையாப் பொருள் என்று நாம் எண்ணியவையும் சிறிதளவேனும் அசைகின்றன என்பது புலனாயிற்று. இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் வலிதாக ஈர்க்கப்படுகின்றன. அலுமினியம் மிக மெலிதாக ஈர்க்கப்படுகிறது. நீரும் செம்பும் பிஸ்மத்தும் மிக மெலிதாக விலக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை ஃபெரோ, பாரா, டயா என்று எழுதுகின்றன. வல்லீர்ப்பு, மெல்லீர்ப்பு, மெல்விலக்கு என்று சொன்னால் சிறுவர்க்கும் விளங்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குச் சான்று இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணிலேயே இருக்கிறது. நம் நாட்டு வழக்கில் ஈயம் என்றால் வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். ஈயத்தாது நீரைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது; வெறும் மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மிகுதி. எனவே, டூலாங் தட்டில் அலசினால் மணல் ஓடிவிடும், தாது தங்கும். ஆனால் தாதுவோடு வேறு கனமான மணிகளும் தங்கிவிடும். இல்மனைட், மோனசைட், சிர்க்கான் முதலியன அடங்கிய அந்த எச்சத்தையே ‘அமாங்’ என்கிறோம்.

நீரால் முடியாததைக் காந்தம் முடித்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த அமாங் ஆலைகளில் மணலை உலர்த்தி, வெவ்வேறு வலிமையுள்ள காந்தங்களின் வழியே செலுத்தினர். இரும்பு கலந்த இல்மனைட் முதலில் இழுபட்டது. வலிமையைக் கூட்டியபின் மோனசைட் இழுபட்டது. ஈயத்தாதுவும் சிர்க்கானும் எஞ்சின. அவற்றுள் ஈயத்தாது மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கான் கடத்தாது என்பதைக்கொண்டு அவ்விரண்டையும் பிரித்தனர். ‘ஒட்டும், ஒட்டாது’ என்ற இரண்டோடு நின்றிருந்தால் இத்தொழிலே இல்லை.

வலிய காந்தத்துக்கே மெல்ல இசையும் அந்த மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது. 1980களில் உருவான, நிலைக்காந்தங்களுள் மிக வலிமையான காந்தத்துக்கு அடிப்படை அத்தனிமமே. அதே மோனசைட்டில் கதிரியக்கமுடைய தோரியமும் இருக்கிறது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1985இல் ஊர் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடத் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

தம் வாசலருகே குவிந்திருப்பது எந்த மணல், அதில் எது அடங்கியுள்ளது, அது எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை எளிய மக்களுக்கு உண்டு. கேட்பதற்கு அவர்கள் மொழியில் சொல் வேண்டும். கறுத்த மணல் என்ற ஒரே சொல்லுக்குள் இல்மனைட்டும் மோனசைட்டும் ஒன்றாகக் கிடந்தால், கேள்வியே பிறக்காது.

ஆசிரியப் பெருமக்களே, காந்தப் பாடத்தன்று ஆணியோடும் அழிப்பானோடும் நின்றுவிடாதீர்கள். ஒரு பால் தகரத்தையும் ஓர் எவர்சில்வர் குவளையையும் மேசைமேல் வையுங்கள். ‘ஒட்டுமா?’ என்று கேட்டபின், ‘எவ்வளவு? ஏன்?’ என்றும் கேளுங்கள். விடையைத் தமிழிலேயே சொல்லச் செய்யுங்கள்.