ஆயில் தானாக எப்படிக் கூடும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது, "உங்கள் துறையில் சாதித்ததைச் சொல்லுங்கள்" என்றார்கள். சாதித்ததைச் சொல்ல இங்கே என்னைவிடப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் தவறியதைச் சொல்கிறேன். அது மாணவர்களுக்கு இன்னும் பயன்படும் என்பது என் எண்ணம்.

எனக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவு. கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று தெரியுமே, அதே ஊர்தான். அப்பா பள்ளி ஆசிரியர். 1991-ல் ஒரு 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். நடந்ததில் வண்டியின் குற்றம் எதுவும் இல்லை.

இளைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். ஜப்பான் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் வரத் தொடங்கிய காலம் அது. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டும் வந்தன. இவற்றில் சுசுகியும் யமஹாவும் டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் சேர்ந்து எரிவதுதான் முறை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் தனியாக இன்ஜின் அடியில் இருக்கும். அதில் பெட்ரோல் கலந்தால் இன்ஜினுக்குக் கேடு. இந்த ஒரு வரிதான் இன்றைய பேச்சின் பாடம். மீதியெல்லாம் நான் பட்ட பாடு.

அப்பா காலமான பிறகு வண்டியை விற்க மனம் வரவில்லை. நான் குடியிருப்பது கோவையில். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போவேன், வண்டியை எடுத்துத் தோட்டம் வரை ஒரு சுற்று வருவேன், ஞாயிறு மாலை திண்ணை ஓரம் நிறுத்திவிட்டுத் திரும்புவேன். மற்ற நாளெல்லாம் அது நின்றபடியே இருக்கும். அப்பா வண்டியை நிறுத்தினால் முதலில் குனிந்து பெட்ரோல் டேப்பை மூடுவார். நான் மூடுவதில்லை. "இதென்ன, தினம் எடுக்கிற வண்டிதானே" என்று படிக்கிற காலத்தில் பழகிய அலட்சியம்.

ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணன். முப்பது வருடமாக அப்பாவின் வண்டியைப் பார்த்தவர். 2023-ல் ஒரு சனிக்கிழமை அவரிடம் ஆயில் மாற்றினேன். அடுத்த வாரம் போய் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது! ஆயில் குறைந்திருந்தால் பயந்திருப்பேன். கூடியிருந்ததால் கோபம்தான் வந்தது. நேரே கடைக்குப் போனேன்.

"ஏனுங்ணா, அளவு பார்க்காமத்தான் ஊத்துவீங்களா? இதுக்குத்தான் இத்தனை வருசத்து அனுபவமா?" என்று கேட்டேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

அவர் முகம் வாடியது. சத்தம் போடவில்லை. "நானு எண்ணூறு மில்லிதானுங் தம்பி ஊத்துனேன். ஊத்துன ஆயில் தானா எப்படீங் கூடும்?" என்றார்.

என்னைக் கேட்ட கேள்வி அது. நான் அதை மழுப்பலாக எடுத்துக்கொண்டேன். நான் மெக்கானிக்கல் பட்டதாரி, பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். அவர் எட்டாம் வகுப்பு. போதாதா? அதன் பிறகு அவரிடம் போகவில்லை. நகரத்தில் வேறொரு இடத்தில் ஆயிலை மாற்றினேன். இரண்டு வாரத்தில் அங்கேயும் கூடியது. அதையும் மாற்றினேன். கோளாறைத் தேடாமல் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோவில்பாளையம் தாண்டிப் போகும்போது ஹெட்டிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் கேம் ஷாஃப்ட்டும் ராக்கரும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தன. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராக ஓடியதால் உலோகமும் உலோகமும் நேராக உரசியிருக்கின்றன. முப்பது ஆண்டு அப்பா காப்பாற்றிய இன்ஜினை நான் மூன்று மாதத்தில் கெடுத்தேன்.

தலை குனிந்துகொண்டு பழைய அண்ணனிடமே போனேன். "வாத்தியார் வண்டிங்களே, வாங்க" என்றார். வேறு ஒரு சொல் கேட்கவில்லை. ஆயிலை வடித்து ஒரு சொட்டைப் பழைய செய்தித்தாளில் விட்டார். நடுவில் கறுப்பாக ஆயில் நின்றது. அதைச் சுற்றி மெல்லிய ஈர வளையம் அகலமாகப் பரவியது. விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டு வந்தார். என்னிடமும் நீட்டினார். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. வடித்ததை அளந்தோம். எண்ணூறு மில்லி ஊற்றிய இடத்தில் ஆயிரத்து ஐம்பது மில்லி வந்தது.

"வண்டிய நிறுத்துனா டேப்ப மூடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஒரு வாரம் மூடிட்டுப் போங்க. அடுத்த வாரம் தெறந்து வெச்சுட்டுப் போங்க. பாத்துக்கலாமுங்க" என்றார்.

ஹெட்டைச் சரி செய்து, புது ஆயில் ஊற்றி, அளவைக் குறித்துக்கொண்டேன். முதல் வாரம் டேப் மூடியிருந்தது. அளவு கூடவில்லை. இரண்டாம் வாரம் திறந்து வைத்துப் போனேன். அப்போதும் கூடவில்லை! "பார்த்தீர்களா, டேப்பில் ஒன்றுமில்லை" என்று எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஆனால் அன்று வண்டி ஸ்டார்ட் ஆக இருபது கிக் ஆனது, கரும்புகை கக்கியது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாம் வாரமும் திறந்தே வைத்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது.

இந்த இடத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே எழுந்து, ஒரு சிறு ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பால் வால்வு போலத்தான். ஊசி முனை தேய்ந்தாலும், அதன் வாயில் தூசி சிக்கினாலும், மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்தாலும் அடைப்பு நிற்காது. கிண்ணம் வழியும். வழிந்தது வெளியே போக ஒரு ஓவர்ஃப்ளோ டியூப் உண்டு. எங்கள் வண்டியில் அந்த டியூப்பின் வாயில் குளவி மண் கட்டியிருந்தது! அதனால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. பெட்ரோல் இன்ஜின் பக்கம் போனது.

அங்கே இன்லெட் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் சேரும். மூடிய நிலையில் நின்றிருந்தால் வெளியே தேங்கி ஏர் ஃபில்டரை நனைக்கும். இரண்டாம் வாரம் நடந்தது அதுதான். கோளாறு இருந்தது, வேறு வாசல் வழியாக வந்தது. சில வாரம் தெரிகிறது, சில வாரம் தெரியவில்லை என்றால் கோளாறு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் அப்பாவின் பழைய வண்டி இருக்கலாம். அதற்காகச் சில குறிப்புகள்.

முதலில், சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியின் கையேடு சொல்லும் முறையில் ஆயில் அளவைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஆயில் பால் விட்ட காபி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீர்த்துப்போய்ப் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல்.

இரண்டாவது, நீண்ட தூரம் ஓட்டி வந்த உடனே சோதிக்காதீர்கள். இன்ஜின் சூட்டில் கலந்த பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகிவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும். பல நாள் நின்ற வண்டியை, ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள்.

மூன்றாவது, என்னைப் போல வாரக்கணக்கில் டேப்பைத் திறந்து வைக்க வேண்டாம். அது ஆபத்து. கிண்ணத்தின் வடிகால் முனையில் ஒளி ஊடுருவும் டியூப்பை மாட்டி, கிண்ணத்தின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்தி, டேப்பைத் திறந்தால், உள்ளே எந்த மட்டத்தில் பெட்ரோல் நிற்கிறது என்று டியூப்பே காட்டும். மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஊசியையும் மிதவையையும் பாருங்கள். மிதவையைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

நான்காவது, கிக்கர் கல் போல நின்றால் மிதித்து நசுக்காதீர்கள். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருக்கலாம். சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் கிக்கரை அழுத்தி வெளியேற்றுங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது. தாளில் விட்ட ஆயிலைக் கொளுத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, காரணத்தைச் சரி செய்த பிறகே ஆயிலை மாற்றுங்கள். கலந்த ஆயிலோடு "கடை வரைக்கும்தானே" என்று ஓட்டாதீர்கள். தள்ளிக்கொண்டு போங்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊசி முனை, டேப் வாஷர், டியூப் ஆகியவற்றை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

நம் மண்ணில் ஜி.டி. நாயுடு அவர்களை அறியாதவர் இல்லை. 1893-ல் கலங்கலில் பிறந்தவர். இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் அதையே வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சொந்த பஸ் ஓட்டினார். அவருக்கு இன்ஜினியரிங் பட்டம் கிடையாது. எனக்கு இருந்தது. ஆனால் ஒரு சொட்டு ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அளந்து பார்க்கும் முன்பே குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டேன்.

கடைசியில் அந்த அண்ணனிடம், அன்று நின்றிருந்தவர்களில் ஒருவர் இருக்கும்போதே, மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி. வாத்தியாரு டேப்ப மூடாம எறங்க மாட்டாருங்க" என்றார். ஊசிக்கும் வாஷருக்கும் காசு வாங்கிக்கொண்டார். கூலி வாங்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

மாணவர்களே, நாளை ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் பழைய வண்டி இருந்தால் போய் ஆயில் பாருங்கள். கூடியிருந்தால் யாரையும் திட்டாதீர்கள். முதலில் குனிந்து டேப்பைப் பாருங்கள்.