முழங்கால் நோவும் நமது சாப்பாட்டுக் கோப்பையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நம்மில் 50 வயதைத் தாண்டியவர்கள் சந்தித்தால், பிள்ளைகளின் கதைக்கு அடுத்ததாக வருவது முழங்கால் நோ. “தேய்ஞ்சு போச்சு, இனி என்ன செய்யிறது” என்று பேச்சை முடித்துவிடுகிறோம். நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து நடையையும் குறைக்கிறோம். முதலில் சந்தைக்குப் போவது நிற்கும். பிறகு கோயிலுக்குப் போவதும் நிற்கும்.

தேய்வு பாதிக் கதைதான். மூட்டின் உட்சவ்வில் மெல்லிய அழற்சியும் இருந்துகொண்டு கசியிழையத்தை அரிக்கிறது. உடம்பில் கூடும் கொழுப்புச் சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களை இரத்தத்தில் விடுகிறது. நிறை கூடியவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்நோய் கூடுதலாக வருகிறது. விரல்களால் நாம் நடப்பதில்லையே!

நிறையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 18 மாதங்களில் உணவாலும் உடற்பயிற்சியாலும் நிறையில் பத்திலொரு பங்கைக் குறைத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நோவும் அழற்சியும் குறைந்தன.

நமது சாப்பாடு எப்படி? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் சாப்பிடுகிறோம். மீன் துண்டு பிள்ளைகளுக்கு. பின்னேரம் சீனி போட்ட தேநீரும் பிஸ்கட்டும். இதனால் நிறை கூடுகிறது. புரதம் போதாமல் தொடைத்தசை மெலிகிறது. முழங்காலைத் தாங்குவதே அந்தத் தசைதான். சோற்றைக் குறைத்து, ஒரு துண்டு மீனை நமக்கென்றும் எடுத்து வைப்போம். சூடை, சாளை போன்ற மலிவு மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டின் சாளையும் போதும். மரக்கறிக்காரருக்குப் பருப்பு, பயறு, கடலை, தயிர் இருக்கின்றன. முருங்கையிலை வறையை யாரும் மறக்க வேண்டாம்.

லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் அன்போடு வந்துசேரும் குளுக்கோசமீன் போத்தல்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2006இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் அது வெற்றுக் குளிசையைவிட மேலாக வேலை செய்யவில்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம். மஞ்சள் கறிக்கு நல்லது. கறியில் போடும் அளவு மருந்தாகாது.

கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, 10 எண்ணும்வரை பிடித்து இறக்குவோம். பிறகு மற்றக் கால். தொலைக்காட்சி நாடகம் பார்க்கும்போதே செய்யலாம். நடையையும் விட வேண்டாம்.

காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு, மூட்டில் சூடும் வீக்கமும், காய்ச்சல் என்று வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் போக வேண்டும். நோக்குளிசைகளை நாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாயிருக்க வேண்டும்.