புத்தகத்தை மூடிய பிறகு



ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதி மக்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்தவர்களும், விமானப்படையிலும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலும் பணியாற்றியவர்களும் நம் பங்குகளில் உண்டு. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம், "எல்லையில் இரவை எப்படிக் கழித்தீர்கள்?" என்று கேட்டேன். "சாண்டில்யன் இருந்தார் சாமி" என்றார்.

பள்ளியில் கதைப் புத்தகமே தொடாதவர் அவர். பனிமலை முகாமில் உடன் இருந்த தமிழ் வீரரின் டிரங்குப் பெட்டியில் 'கடல் புறா' முதல் பாகம் கிடைத்தது. மொத்தம் மூன்று பாகங்கள். மற்ற இரண்டுக்கும் அடுத்த விடுமுறை வரை காத்திருந்தாராம். இளைய பல்லவனின் கப்பலோடு போனவருக்குக் குளிரும் தனிமையும் மறந்துபோயின. இதில் பாவம் ஏதும் இல்லை. தனித்திருப்பவனுக்கு நல்ல கதை ஒரு துணை.

புனித லொயோலா இஞ்ஞாசியாரும் சாகசக் கதைப் பிரியர்தாம். 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய ஒரு காலை முறித்தது; மற்றதையும் காயப்படுத்தியது. எலும்பு துருத்தி நின்றால் பூட்ஸ் அழகாகப் பொருந்தாதே என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அதை அறுக்கச் சொன்ன மனிதர் அவர்! படுக்கையில் கிடந்தபோது வீரர் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. வேறு வழியின்றி வாசித்தார்.

அப்போது ஒன்றைக் கவனித்தார். ஓர் உயர்குலப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். அந்த நேரத்தில் இனிக்கும். முடிந்ததும் மனம் வறண்டுபோகும். வெறுங்காலோடு எருசலேம் போவதாக நினைத்துப் பார்ப்பார். அந்த நினைவு கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் 'தெளிந்து தேர்தல்' என்று நாம் சொல்லும் ஞானம் அவருக்குள் பிறந்தது.

கடவுள் அவருடைய வீர ஆசையைப் பிடுங்கி எறியவில்லை, திசை திருப்பினார். 1522இல் மோன்செராட்டில் மாதாவின் பீடத்தின் முன் இரவெல்லாம் விழித்திருந்து, வாளைக் காணிக்கையாக வைத்தார். அந்த இரவு விழிப்பும், அவர் முன்பு படித்த வீரர் கதைகளில் வரும் வழக்கம்தான்!

எம்மாவு சீடர்களும் ஆண்டவர் மறைந்த பிறகுதானே, வழியில் தங்கள் உள்ளம் எரிந்ததை உணர்ந்தார்கள்?

அன்பர்களே, இன்று நம் பிள்ளைகள் முகாமிலும் விடுதியிலும் இரவைக் கைப்பேசியோடு கழிக்கிறார்கள். "என்ன பார்க்கிறாய்?" என்று அதட்டினால் கதவு மூடிக்கொள்ளும். "பார்த்து முடித்த பிறகு மனம் எப்படி இருக்கிறது, தம்பி?" என்று கேளுங்கள். அதே கேள்வியை நமக்கும் கேட்டுக்கொள்வோம். நெடுந்தொடர் முடிந்த பிறகும், பக்கத்து வீட்டுக் கதை பேசி எழுந்த பிறகும், செபமாலை சொல்லி முடித்த பிறகும் நமக்குள் எது தங்குகிறது?

தங்குவதைக் கண்டுகொள்ளும் தெளிவை ஆண்டவர் நமக்கும், தொலைவில் காவல் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவாராக. ஆமென்.