யாருக்கான கால்?



செயற்கைக் கால் பெற்ற விவசாயி அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டால், குறை யாரிடம்? மேல்நாட்டுக் கால், ஷூ அணிந்து நாற்காலியில் அமர்பவருக்காகச் செய்யப்பட்டது. நம் விவசாயியோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குகிறார், குந்துகிறார், சம்மணமிடுகிறார். இதைக் கவனித்தே 1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பர் பாதத்தை உருவாக்கினார்கள்.

கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர்களும் இவ்விதமே மக்களிடையே சென்று, கண்டவற்றைத் திரட்டி, ஒரு மாதிரி நபரை எழுத்தில் வரைகிறார்கள். ‘பெர்சோனா’ எனும் இம்முறையை 1999-ல் ஆலன் கூப்பர் தம் நூலில் விளக்கினார். நேரில் பாராமல் எழுதப்பட்ட நபரோ வெறும் கற்பனையே.

ஆகவே, கருவியைக் கொடுக்குமுன் அவர் வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்து பார்ப்போம்.