கோர்வைக்கு ரெண்டு பேர்

காஞ்சிபுரம் பக்கம் மாகறல்ல இருந்து பேசுறேன். பெரு நாட்டு மலைகள்ல பெண்கள் தறியை இடுப்பில் கட்டிக்கொண்டு தனியாகவே நெய்கிறார்கள். நம்ம கோர்வைப் பட்டுக்கு ஒருத்தர் போதாது. உடல் ஒரு நிறம், ரெண்டு கரையும் வேறு நிறம். அதனால் மூன்று நாடா. ஒரு பக்கக் கரைக்கு நாடா ஓட்ட, நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்காரணும்.

முன்னாடி பல வீடுகளில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இப்போ பள்ளிக்கூடம் போறாங்க, நல்லதுதான். ஆனா பெரியவங்களை வைத்தால் கூலி தரணுமே! 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கூலியைத் தராது. விலையில் அது ஏறாவிட்டால் நெசவாளர் கோர்வையை விட்டுடுவார்.

சேலை வாங்கும்போது கரையைப் பாருங்க. உடலின் ஊடை நிறம் கரைக்குள் ஓடாமல் நின்றால் கோர்வை. அந்த விலையில ரெண்டு பேர் சாப்பாடு இருக்குங்க.