ஆமைத் தீவுக்கு மூன்று நாட்கள்

தாய்லாந்து வளைகுடாவில் கோ தாவ் என்றொரு சிறு தீவு உண்டு. ஆமைத் தீவு என்பது அப்பெயரின் பொருள். பரப்பு ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றரே. அங்குள்ள பவளப் பாறைகளிடையே மூழ்கிக் கடலடிக் காட்சிகளைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். மூன்றே நாள் ஓய்வு கிடைத்தவர் தம் பயணத்தை எங்கிருந்து திட்டமிடல் வேண்டும்? திரும்பும் விமானத்திலிருந்து என்பேன்.

நீரடியில் அழுத்தமிக்க காற்றைச் சுவாசிப்பவரின் உடலில் நைதரசன் மிகுதியாகக் கரைகிறது. அது மெல்ல வெளியேற வேண்டும். அதற்குமுன் அழுத்தம் குறைந்த வானில் ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல உடலினுள்ளே குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலி முதல் கைகால் செயலிழத்தல் வரை நேரலாம். ஆதலின், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது என்பது வைத்திய அறிவுரை.

தீவில் விமான நிலையம் இல்லை. சும்போனிலிருந்தோ சாமுய் தீவிலிருந்தோ படகேற வேண்டும். நவம்பரில் மழையும் அலையும் மிகுதியாதலால் அம்மாதத்தைத் தவிர்த்தல் நன்று.

எனவே, முதல் நாள் கடற்பயணம். இரண்டாம் நாள் மூழ்குதல். மூன்றாம் நாள் கரையில் உலாவி, மாலையிற் புறப்படுதல். அந்த இறுதி நாளை வீணென்று எண்ணாதீர்கள். உங்களை நலமாக வீடு சேர்ப்பது அதுவே.