பொறுமைக்கு யார் சம்பளம் தருவது?
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்துப் பெண்கள் எழுதிய கதைகளைப் பற்றி இன்று பேசுகிறோம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருக்கும் நமக்கு அந்தக் கதைகளால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அந்தக் கதைகளில் வரும் ஒரு விஷயம் நம் லயத்திலும் தினமும் காதில் விழுகிறது. "பொம்பள கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்பதுதான் அது.

1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை எழுதினார். கணவன் செய்யும் கொடுமையைச் சகித்துக்கொண்டு வாழும் கண்மணி அதன் நாயகி. அவள் பொறுமையைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். 1960களில் அளவெட்டியைச் சேர்ந்த பவானி ஆழ்வாப்பிள்ளை வந்தார். 'கடவுளரும் மனிதரும்' அவருடைய சிறுகதைத் தொகுதி. பெண்ணுக்கு மட்டும் ஒழுக்கம் பேசும் ஊரை அவர் கதைகள் திருப்பிக் கேள்வி கேட்டன. பிறகு கோகிலா மகேந்திரனின் 'பிரசவங்கள்' 1986இல் வந்தது. போர்க்காலத்துப் பெண்களின் அலைச்சலை எழுதிய குந்தவையின் 'யோகம் இருக்கிறது' 2002இல் வந்தது. பெண் எவ்வளவு தாங்குவாள் என்று பார்த்த காலம் போய், அவள் ஏன் தாங்க வேண்டும் என்று கேட்கும் காலம் வந்தது.

கோகிலா மகேந்திரனும் குந்தவையும் ஆசிரியைகள் என்பதைக் கவனியுங்கள். சொந்தச் சம்பளம், படிப்பு, உட்கார்ந்து எழுத ஒரு மேசை இருந்தன. நம் பாட்டிமாரும் சம்பளத்துக்கு உழைத்தவர்கள்தான். ஆனால் செக்ரோலில் அவர்கள் பேர் விழுந்தாலும், பல வீடுகளில் காசு புருஷன் கைக்கோ தகப்பன் கைக்கோதான் போனது. ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்ற அநியாயம் 1984இல்தான் நீங்கியது. சம்பளம் சமமானது, வேலை நேரம் சமமாகவில்லை. ஆண்கள் பலர் பகலோடு வேலை முடித்து வர, பெண்கள் மாலை நிறுவை வரை மலையில் நிற்கிறார்கள். வந்தபிறகு அடுப்பு, தண்ணீர், பிள்ளை. இதற்குப் பேர் போடுவார் யாரும் இல்லை. நம் பொறுமையால் தோட்டத்துக்கும் இலாபம், வீட்டு ஆண்களுக்கும் இலாபம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வறுமையால் நம் சிறுமியர் பலர் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். படித்த பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வில் ஒரு பங்கு, சில வீடுகளில், நம் பிள்ளை பாத்திரம் கழுவியதால் கிடைத்தது. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. பெண் என்றால் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. அந்தச் சமையலறையில் நின்ற பிள்ளை தன் கதையைத் தானே எழுதினால்தான் படம் முழுமையாகும்.

நமக்கும் முன்னோடி உண்டு. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்க மேடைகளில் பாடினார். அவர் பாடல்கள் 1940இல் புத்தகமாகவும் வந்தன. சங்கமும் எழுத்தும் சேர்ந்தே வளரலாம் என்று அன்றே காட்டியவர் அவர்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். பெண்ணின் சம்பளம் பெண்ணின் கையில் சேர வேண்டும். சந்தா கட்டும் பெண்களுக்குத் தோட்டக் கமிட்டியில் மாதர் பிரிவுப் பதவி மட்டும் போதாது, தலைவர், செயலாளர் பதவிகளிலும் அவர்கள் உட்கார வேண்டும். மாதம் ஒருநாள் மாலை, பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ள, நாம் கூடி ஒரு கதை வாசிப்போம். எழுதத் தெரியாத அம்மா சொல்லட்டும், படிக்கிற மகள் எழுதட்டும். வருகிற கதைகளை இந்தப் பத்திரிகையிலேயே போடுவோம்.